தலையில் அடிபட்ட ஓட்டக்காரர் மீண்டும் ஓட: தோட்டப்புறத்துக்கான முழுமையான வழிகாட்டி

"சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஓட்டக்காரரின் தொல்லை தொடங்குகிறது. கட்டு இல்லை, தையல் இல்லை, வீக்கமும் சில நாளில் வடிந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு நல்ல ஆரோக்கியமான ஆள். ஆனால் கடைத்தெருவுக்கு நடந்துபோய் வந்தாலே மண்டை கனக்கிறது. மோட்டார் சைக்கிள் சத்தம் காதைக் குத்துகிறது. நேற்றுப் படித்த செய்தி இன்று நினைவில் இல்லை. கால்கள் என்னவோ ஓடத் தயாராகத்தான் இருக்கின்றன. இதற்குப் பெயர் மூளை அதிர்வு (concussion).

மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டச் சாலைகளில் ஓடுகிறவன் நான். குலை ஏற்றி வந்த லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது சரளைக் கல்லில் வழுக்கி, மதகின் சிமெண்டு விளிம்பில் பின்மண்டை மோதியது. "ஓய்வெடுங்கள்" என்று சொன்ன கிளினிக்கில், எத்தனை நாள், எப்படி, அதன் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இதை எழுதுகிறேன். மூளை அதிர்வுக்குப் பிறகு படிப்படியாக விளையாட்டுக்குத் திரும்பும் இந்த அடிப்படை முறை, விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி முடிவெடுத்து 2023இல் வெளியிட்டது. அதை நம் வெயிலுக்கும் சாலைக்கும் வேலைக்கும் பொருத்தியது மட்டும் என்னுடையது. உங்களைப் பரிசோதித்த டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி.

முதல் படி: ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது

விழுந்த இடத்தோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. தூசியைத் தட்டிவிட்டு மீதித் தூரத்தை ஓடி முடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. முழங்கால் சிராய்ப்புக்கு அது சரி, தலைக்குச் சரிப்படாது. மயக்கம் வரவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். மூளை அதிர்வு ஏற்படுகிறவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை.

திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், இரண்டு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருத்தல், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலக் கசிவு, எழுப்பினாலும் மீண்டும் தூக்கத்தில் ஆழ்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் 999ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவரும், 65 வயதைத் தொட்டவரும் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

தோட்டத்துக்குள்ளே விழுந்தவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் ஆம்புலன்ஸ் எங்கே வரும்? பக்கத்துப் பலகையில் எழுதியிருக்கும் பிளாக் எண்ணைச் சொல்லுங்கள், ஒருவரைத் தார்ச்சாலை முனையில் நிற்கவையுங்கள். சுங்கை சிப்புட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மூளை அறுவை மருத்துவர் தேவைப்படும் அளவுக்கு நிலைமை போனால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தூங்கலாம். "அடிபட்டவனைத் தூங்க விடக்கூடாது" என்று பாட்டிமார் இரவெல்லாம் உலுக்கிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. முதல் 24 மணி நேரம் அதே வீட்டில் ஒருவர் கூடவே இருந்தால் போதும். தலையையும் கழுத்தையும் தைலம் போட்டு உருவிவிட ஆள் கூட்டி வருவார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஸ்கேன் ஏன் ஒன்றும் காட்டவில்லை என்று புரிந்துகொள்வது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் எரிச்சலில் பாதி இது புரியாததால் வருவது.

சி.டி. ஸ்கேன் தேடுவது எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும். மூளை அதிர்வில் பெரும்பாலும் அவை இருக்காது. மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கும்போது நரம்பு உயிரணுக்களின் சவ்வுகள் நெகிழ்ந்து, பொட்டாசியம் வெளியே வழிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைப் பழைய நிலைக்குத் தள்ள மூளைக்கு வழக்கத்தைவிட அதிக சர்க்கரை வேண்டும். அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. செலவு கூடி வரவு குறைந்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடப்பது, பேசுவது, கைப்பேசி பார்ப்பது எல்லாமே அந்த வீட்டுக்குச் செலவுதான். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்பு மண்டலமும் தடுமாறுவதால், எழுந்து நின்றாலே துடிப்பு எகிறும்.

பெரியவர்களில் பலர் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். நான்கு வாரத்தைத் தாண்டியும் அறிகுறி நீடிப்பவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அதற்கு உங்கள் மன உறுதியின் குறைவு காரணம் இல்லை.

நீண்டதூர ஓட்டம் நமக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம்: வலித்தாலும் பொறுத்துக்கொண்டு போ. இந்தக் காயத்தில் அந்தப் பாடமே எதிரி. அதற்காகத் திரைச்சீலையை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் படுத்திருப்பதும் மருந்தாகாது. பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெடி குழுவினர் 2019இல் பதின்ம வயது விளையாட்டாளர்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அறிகுறி கிளம்பாத அளவில் தினமும் ஏரோபிக் பயிற்சி செய்தவர்கள் தேற எடுத்துக்கொண்டது இடைநிலைக் கணக்கில் 13 நாள். கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள். அசைவு மருந்துதான், ஆனால் அளவு பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து.

மூன்றாம் படி: முதல் 48 மணி நேரம்

வீட்டுக்குள் நடக்கலாம், குளிக்கலாம், வாசலில் உட்கார்ந்து பேசலாம். கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் மட்டும் நன்றாகக் குறைத்துவிடுங்கள். பியரோ சம்சுவோ ஒரு வாய்கூட வேண்டாம். மோட்டார் சைக்கிள் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தலைவலிக்கு பனடோல் போதும். ஆஸ்பிரின், இபுபுரூபன் வகைகளை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். பனடோலும் மாதத்தில் பாதி நாள் என்று பழகிப்போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

நான்காம் படி: நோட்டுப் புத்தகம்

பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தில் நான்கு கட்டம்: காலையில் எழுந்ததும், பயிற்சியின்போது, பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில், மறுநாள் காலை. தலைவலி, தலைசுற்றல், மண்டை மந்தம் மூன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் போடுங்கள்.

ஆம்ஸ்டர்டாம் முறையின் மைய விதி இதுதான்: பயிற்சியில் அறிகுறி 2 புள்ளிக்கு மேல் ஏறக்கூடாது, ஏறியதும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். காலையில் 2 இருந்து, நடக்கும்போது 4 ஆகி, வீடு வந்து தே ஓ குடித்து முடிப்பதற்குள் 2க்கு வந்துவிட்டால் தேர்ச்சி. 5 ஆனால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு, நாளைக்குக் குறைவாகச் செய்ய வேண்டும். அறிகுறி முழுதும் மறையட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

என்னைக் கேட்டால் நான்காவது கட்டம்தான் உண்மை பேசும். பயிற்சி நேரத்தில் உற்சாகம் எல்லாவற்றையும் மறைத்துவிடும், மறுநாள் காலையில் மறைக்க முடியாது. இன்னொன்று, எண்ணை வீட்டில் வேறொருவர் எழுதட்டும். எனக்கு என் அம்மா எழுதினார். "எத்தனைப்பா?" என்று கேட்பார். "இரண்டும்மா" என்பேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூன்று என்று எழுதுவார்.

ஐந்தாம் படி: நடை

48 மணி நேரத்துக்குப் பிறகு நடக்கத் தொடங்கலாம். இங்கே நமக்கு வேண்டியது வேகக் கணக்கு இல்லை, இதயத் துடிப்புக் கணக்கு. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 40 வயதுக்காரருக்கு 180. முதல் கட்டத்தில் அதில் 55 சதவிகிதம், அதாவது 99 வரை. அது ஒத்துக்கொண்டால் 70 சதவிகிதம், அதாவது 126 வரை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் விடவேண்டும்.

99 என்பது எவ்வளவு சிறிய எண் என்று காலை பத்து மணிக்கு லயத்திலிருந்து கடைக்கு நடந்து பார்த்தால் தெரியும். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் நீங்கள் எதுவும் செய்யாமலேயே துடிப்பை ஏற்றிவிடும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய அட்டவணை இங்கே அப்படியே செல்லாது. ஆகவே நேரத்தை மாற்றுங்கள். பேராவில் ஏழு மணி வாக்கில்தான் வெளிச்சம் வரும், அதிலிருந்து ஒரு மணி நேரம் நல்ல நேரம். இருட்டில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு கிளம்பும் பழைய வழக்கம் இப்போதைக்கு வேண்டாம். குண்டும் குழியுமான சாலையில் ஆடும் ஒளிவட்டத்தைப் பின்தொடர்வது அடிபட்ட கண்ணுக்கும் சமநிலைக்கும் பெரிய வேலை.

இடத்தையும் மாற்றுங்கள். செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓடுவது சாதாரண நாளில் சுகம். அடிபட்ட பிறகு அங்கே ஒரு விசித்திரம் நடக்கும். ஒரே இடைவெளியில் நட்ட மரங்கள் ஓரப்பார்வையில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். மட்டைகளின் இடுக்கு வழியே வெயிலும் நிழலும் மாறி மாறிக் கண்ணில் வெட்டும். இருபது மரம் தாண்டுவதற்குள் குமட்டல் வந்துவிடும். அசையும் காட்சியைச் சமாளிக்கும் பகுதி இன்னும் தேறவில்லை என்பதன் அடையாளம் இது. விளிம்புள்ள தொப்பி சிறிது உதவும். தமிழ்ப்பள்ளித் திடலோ கால்பந்துத் திடலோ இன்னும் உதவும், திறந்த வெளி, தட்டையான புல். உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில் சிலருக்குத் தலைசுற்றலைக் கூட்டுகிறது, காலடி ஓட அறை நிற்கிறது அல்லவா? நிலையான சைக்கிள் பாதுகாப்பானது.

இரண்டு வாரம் ஆகியும் எண் இறங்காவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் உங்கள் துடிப்பு வரம்பை அளக்கச் சொல்லுங்கள். டிரெட்மில்லில் கண்காணிப்போடு சிறிது சிறிதாகச் சாய்வைக் கூட்டி, அறிகுறி கிளம்பும் துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். அது 140 என்றால் அதில் 80 முதல் 90 சதவிகிதம், அதாவது 112 முதல் 126 வரை தினமும் 20 நிமிடம். ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள, வாரம் ஒருமுறை 5 முதல் 10 துடிப்பு கூட்டலாம். இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யாதீர்கள்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். பணம் தடையில்லை, பரிந்துரைக் கடிதம்தான் வேண்டும். வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். நான்கு வாரம் கடந்தவர் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: கழுத்தும் காதும்

பலர் மூளையையே நினைத்துக்கொண்டிருக்கும்போது வலி கழுத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். தலை மோதும் வேகத்தில் கழுத்தும் சுளுக்கியிருக்கிறது. பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறும் வலி, தலையைத் திருப்பினால் கூடும் வலி என்றால் கழுத்தைச் சந்தேகியுங்கள். நேராக உட்கார்ந்து, தாடையைப் பின்னோக்கி மெதுவாக இழுத்து ஐந்து நொடி நிறுத்தி விடுவது எளிய பயிற்சி, மீதியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரட்டும். முடி வெட்டி முடித்ததும் கடைக்காரர் வழக்கம்போலத் தாடையைப் பிடித்துக் கழுத்தைச் சொடுக்க வருவார். உடனே கையைக் காட்டி நிறுத்துங்கள். நல்ல கழுத்திலேயே அந்தச் சொடுக்கு ரத்தக்குழாயைக் கிழித்துவிடக் கூடும்.

படுக்கையில் புரளும்போது மட்டும் அறை சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம் பெயர்ந்திருக்கலாம். எப்லி முறை என்று தலையைக் குறிப்பிட்ட வரிசையில் சாய்த்துத் திருப்பும் சிகிச்சை இருக்கிறது. தெரிந்தவர் செய்தால் ஓரிரு முறையிலேயே சரியாகிவிடுவது உண்டு. இது தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

நடக்கும்போது உலகமே ஆடுவது போல இருந்தால் அது வேறு. கட்டைவிரலைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து, பார்வையை அதிலேயே நிறுத்தித் தலையை மட்டும் இடவலமாக அசைக்கும் பயிற்சி அதற்கு. முதலில் முப்பது நொடி, 2 புள்ளி விதி இதற்கும் உண்டு.

ஏழாம் படி: வேலை

தோட்ட வேலைக்குத் திரும்புவது ஓட்டத்துக்குத் திரும்புவதைவிடக் கடினம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. குலை வெட்டுகிறவர் நாள் முழுதும் அண்ணாந்து பார்த்தபடி நீண்ட கழி அரிவாளைத் தாங்க வேண்டும். தேறாத கழுத்துக்கும் காதுக்கும் இதைவிட மோசமான நிலை இல்லை. ஆபீஸ் கிராணிக்குக் கணினித் திரையே எதிரி, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே வர வேண்டும். எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடிந்ததும் நேராக முழு வேலைக்குப் போகாமல் இலகுவான வேலைக்கு டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். வேலையிலோ, வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டிருந்தால் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு கோரலாம். நிர்வாகத்திடம் உடனே சொல்லிவிட்டு, முதல் நாள் மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எட்டாம் படி: ஊர் வாயும் உங்கள் கோபமும்

"வேர்க்க விறுவிறுக்க ஓடினால் சரியாகிவிடும் தம்பி" என்பார் ஒருவர். "இனிமேல் ஓடவே கூடாது" என்பார் இன்னொருவர். இருவருக்கும் தலையாட்டிவிட்டு நோட்டில் இருப்பதைச் செய்யுங்கள்.

கோபம் வரும். பிள்ளைகள் சத்தம் போட்டால் கத்திவிடுவீர்கள், காரணமில்லாமல் கண்ணீர் வரும். இதுவும் காயத்தின் பகுதிதான், வீட்டாருக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். ஓட்ட நண்பர்கள் விடிகாலையில் படம் அனுப்பும்போது வயிறு எரியும். குழுவை விட்டு விலகாதீர்கள். திடலில் நின்று நேரம் குறித்துக் கொடுங்கள், தண்ணீர் நீட்டுங்கள். மனம் மிகவும் கீழே போனால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். தூக்கத்தைப் பொறுத்தவரை, எழும் நேரத்தை மாற்றாமல் வையுங்கள், பகல் தூக்கம் அரைமணிக்குள் இருக்கட்டும்.

கோயில் திருவிழா இந்தக் காலத்தில் வந்தால் ஒலிபெருக்கிக்கும் உறுமிக்கும் தள்ளியே நில்லுங்கள். தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஒன்பதாம் படி: ஓட்டம்

வேகமான நடை 30 நிமிடம் 2 புள்ளி விதிக்குள் வந்து, மறுநாள் காலையும் அதே எண் இருந்தால் திடலுக்குப் போகலாம். நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம், நான்கைந்து முறை. ஒவ்வொரு காலடி அதிர்ச்சியும் கழுத்து வழியே தலைக்கு வருவதால், அதே துடிப்பில் சைக்கிள் மிதித்தபோது வராத வலி இப்போது வரலாம். வந்தால் ஓடும் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஒத்துக்கொண்டால் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்து, 30 நிமிடத் தொடர் ஓட்டம் வரை போங்கள். அதற்குப் பிறகே தூரம், அதற்கும் பிறகு மேடு, கடைசியாக வேகப் பயிற்சி. ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டாதீர்கள். வியர்வையில் உப்பும் போகும், தண்ணீரோடு 100 பிளஸ் போல ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வற்றினால் வரும் தலைவலியைக் காயத்தின் கணக்கில் எழுதிவிட்டால் நோட்டு குழம்பிவிடும்.

பத்தாம் படி: உள்பாதையும் போட்டியும்

கால்பந்து வீரருக்கு ஆம்ஸ்டர்டாம் முறையின் கடைசிக் கட்டங்கள் மோதல் உள்ள பயிற்சியும் ஆட்டமும். ஓட்டக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து உள்பாதைதான் நமக்கு மோதல் கட்டம்: வழியில் கிடக்கும் மட்டை, மழைக்குப் பின் பாசி பிடித்த மதகு, லயத்து நாய்கள், திருப்பத்தில் திடீரென வரும் லாரி. தேறாத மூளைக்கு இரண்டாவது அடி விழுந்தால் விளைவு முதலாவதைவிடப் பல மடங்கு மோசமாகலாம், அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே அறிகுறி முற்றிலும் போய், திடலில் வேகப் பயிற்சியும் எண்ணை ஏற்றாத நிலை வந்து, டாக்டரும் சரி என்ற பிறகே உள்பாதை. முதல் சில தடவை துணையோடு, காதில் பாட்டு இல்லாமல், காய்ந்த நாளில்.

போட்டிக்கும் இதே வரிசைதான். பினாங்கு பாலம் மாரத்தான் போன்றவை விடியுமுன்னே தொடங்குகின்றன. இரவுத் தூக்கம் போய், கூட்ட நெரிசல், இசை, விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். முதல் போட்டியாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் தூங்கி எழுந்து போய்வரக்கூடிய 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றைப் பாருங்கள். புறப்படும் கோட்டில் பின்வரிசையில், ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கமாக நில்லுங்கள். அடுத்த இரண்டு நாளும் ஓட்டம் வேண்டாம், காலை எண்ணை மட்டும் எழுதி வையுங்கள். அது ஏறாவிட்டால் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கலாம்.